91 கலவைகளும் இரண்டாவது கலவையும்: மைக்கேல் ஜாக்சனின் ஒலிப்பதிவு அறையிலிருந்து நான் கற்றவை

மைக்கேல் ஜாக்சனைப் பற்றிய திரைமறைவுத் தகவல்களைப் பள்ளி நாள்களிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எந்தப் பாடலுக்கு யார் டிரம்ஸ் வாசித்தார், எந்த வரி எப்படி மாறியது, எந்த நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு என்ன நடந்தது என்பன போன்ற துணுக்குகள் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நீண்ட காலம் அவை நண்பர்களிடம் சொல்லி மகிழும் செய்திகளாக மட்டுமே இருந்தன. பின்னர் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாடல்கள் எழுதி, ஒரு லேப்டாப்பையும் ஒரே ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு பதிவுசெய்யத் தொடங்கினோம். அப்போதுதான் அந்த நோட்டின் சில பக்கங்கள் வேலைக்கு உதவுபவை என்பதும், வேறு சில எவ்வளவு சுவையாக இருந்தாலும் எதற்கும் உதவாதவை என்பதும், இன்னும் சில முற்றிலும் தவறானவை என்பதும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

நான் மிக அதிகமாக அடிக்கோடிட்டு வைத்திருந்த செய்தி 'பில்லி ஜீன்' பாடலின் மிக்ஸிங் பற்றியது; தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பதுதான் மிக்ஸிங். 1982-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில் 'திரில்லர்' ஆல்பம் உருவானபோது குயின்சி ஜோன்ஸ் தயாரிப்பாளராகவும் புரூஸ் ஸ்வீடியன் ஒலிப்பதிவாளராகவும் இருந்தார்கள். அந்த ஒரு பாடலுக்கு மட்டும் ஸ்வீடியன் 91 ஒலிக்கலவைகள் செய்தார். ஒவ்வொரு முறையும் மைக்கேலோ குயின்சியோ இன்னும் ஒரு சிறு மாற்றம் கேட்டார்கள். கடைசியில் குயின்சி, பழைய கலவைகளில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல, இரண்டாவது கலவையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று முடிவாகி, அதுவே ஆல்பத்தில் இடம்பெற்றது. இதை ஸ்வீடியனே பின்னாளில் பலமுறை விவரித்திருக்கிறார். நானும் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் முதல் பாடலை மிக்ஸ் செய்தபோது, முப்பதுக்கும் மேற்பட்ட முறை மாற்றியமைத்து, ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மீதே சேமித்துவிட்டேன். முதல் வாரத்தில் பாடலுக்கு இருந்த துள்ளல் எங்கோ போய்விட்டது என்று எங்கள் பாடகி சொன்னபோது, திரும்பிப் போவதற்கு ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. 91 கலவைகள் செய்த பொறுமையை வியந்துகொண்டே இருந்த நான், இரண்டாவது கலவை அதுவரை பத்திரமாக இருந்தது என்ற பாதியைக் கவனிக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கலவைக்கும் எண்ணும் தேதியும் இட்டுத் தனித்தனியாகச் சேமிக்கிறோம். ஐந்து கலவைகளுக்கு ஒருமுறை, ஓர் இரவு இடைவெளி விட்டு, காலையில் முதல் இரண்டையும் மறுபடி கேட்கிறோம். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: ஒப்பிடும் கலவைகள் எல்லாம் ஒரே ஒலி அளவில் ஒலிக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதுதான் சிறந்தது என்று காது நம்பிவிடும். புதிய கலவைகள் பெரும்பாலும் பழையவற்றைவிட உரத்தவையாகவே அமைந்துவிடும். ஒலி அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது, நாங்கள் முன்னேற்றம் என்று நினைத்தவற்றில் பாதிக்கும் மேல் வெறும் உரப்பு என்பது விளங்கியது.

'திரில்லர்' ஆல்பம் உருவான கடைசி நாள்கள் பற்றிய செய்தி இன்னும் ஆழமானது. எல்லாப் பாடல்களையும் முடித்து, இசைத்தட்டுக்கான மாஸ்டரை (பிரதிகள் எடுப்பதற்கான இறுதிப் பதிவை) ஓடவிட்டுக் கேட்டபோது, ஒலி சத்தற்று மெலிந்திருந்தது. அதற்குக் காரணம் இசைத்தட்டின் இயற்பியல். ஒரு பக்கத்தில் அதிக நிமிடங்களைத் திணித்தால் பள்ளங்களை நெருக்கமாகவும் ஆழம் குறைவாகவும் வெட்ட வேண்டியிருக்கும். பள்ளம் சுருங்கினால் ஒலியின் வலிமையும், குறிப்பாகத் தாழ்ந்த சுருதிகளின் வலிமையும் சுருங்கும். பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள்தான் தாங்கும் என்ற நிலையில் அவர்கள் அதைவிடப் பல நிமிடங்கள் கூடுதலாக வைத்திருந்தார்கள். வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டிருந்தது. மைக்கேல் மனமுடைந்து அழுததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னர் ஆல்பத்தின் கடைசிப் பாடலிலிருந்து ஒரு சரணத்தை நீக்கினார்கள், 'பில்லி ஜீன்' பாடலின் முன்னிசையைக் குறைத்தார்கள், நாளொன்றுக்கு ஒரு பாடல் என்ற கணக்கில் மீண்டும் மிக்ஸ் செய்தார்கள். 1982 நவம்பர் 30 அன்று வெளியான ஒன்பது பாடல்களும் சேர்ந்து சுமார் 42 நிமிடங்கள் மட்டுமே.

குறைத்த பிறகும் அந்த முன்னிசை ஏறத்தாழ அரை நிமிடம் நீள்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். அது மிக நீளம் என்று குயின்சி கருதினார். அந்தப் பகுதிதான் தன்னை ஆட வைக்கிறது என்று மைக்கேல் விட்டுக்கொடுக்காமல் நின்றார். குயின்சிக்குத் தலைப்பிலும் தயக்கம் இருந்தது. டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கைப் பற்றிய பாடல் என்று மக்கள் நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சினார். இரண்டிலும் மைக்கேலின் விருப்பமே நிலைத்தது. இதைப் படிக்கும்போது கலைஞன் தன் பிடிவாதத்தை விடக்கூடாது என்ற முடிவுக்கு வருவது எளிது. நானும் அப்படித்தான் முதலில் வந்தேன். ஆனால் அதே மனிதர் அதே வாரங்களில் வேறொரு பாடலின் முழுச் சரணத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார். எந்தப் பகுதி பாடலைத் தாங்குகிறது, எந்தப் பகுதி நம் உழைப்பை மட்டும் தாங்குகிறது என்று பிரித்தறிவதுதான் அந்த அறையில் நடந்த வேலை. எங்கள் பாடல்களில் நான் இப்போது செய்யும் சோதனை எளியது: சந்தேகத்துக்குரிய பகுதியை நீக்கிய வடிவத்தை, அந்தப் பாடலை முன்பு கேட்டிராத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எங்காவது தாவியதுபோல் தெரிந்ததா என்று மட்டும் கேட்கிறேன்.

எனக்கு எந்த இசைக்கருவியும் சரளமாக வாசிக்க வராது. எங்கள் குழுவில் மெட்டமைப்பவன் நான் என்பதால், இது ஆண்டுக்கணக்கில் எனக்குப் பெரும் தடையாக இருந்தது. மெட்டை முணுமுணுத்துக் காட்டுவேன். கீபோர்டு வாசிக்கும் நண்பர் தனக்குத் தோன்றிய கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, வாசிப்பார். நான் மனத்தில் கேட்டது அதுவல்ல என்று மட்டும் சொல்லத் தெரியும், எது என்று சொல்லத் தெரியாது. இந்த இடத்தில்தான் நோட்டின் மிகப் பயனுள்ள பக்கம் கைகொடுத்தது. மைக்கேலும் கருவிகளில் தேர்ச்சி பெற்றவராக அறியப்பட்டவர் அல்லர். ஆனால் அவர் பாடலை மெட்டாக மட்டும் கொண்டுவரவில்லை. டிரம்ஸ், பேஸ் (தாழ்ந்த சுருதிப் பகுதி), வயலின் கூட்டம் என ஒவ்வொன்றையும் வாயாலேயே பாடி டேப்பில் பதிவுசெய்து கொண்டுவந்தார். 90-களில் அவருடன் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் ஒருவர், இரவோடு இரவாக எழுதிய பாடலை எடுத்துக்கொண்டு காலையில் அவர் ஸ்டுடியோவுக்கு வந்து, கிட்டார் கலைஞரிடம் ஒவ்வொரு கார்டிலும் உள்ள ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பாடிக் காட்டியதை விவரித்திருக்கிறார். 1981-இல் அவர் வீட்டிலேயே பதிவுசெய்த 'பில்லி ஜீன்' டெமோ (மாதிரிப் பதிவு), 2001-இல் வெளியான 'திரில்லர்' சிறப்புப் பதிப்பில் இணைக்கப்பட்டது. அதைக் கேட்டால், பல இடங்களில் வரிகள் இன்னும் எழுதப்படாமல் வெறும் அசைகளாக இருக்கும்போதே பேஸின் நடையும் பாடலின் மனநிலையும் முழுமையாக அமைந்துவிட்டிருப்பதைக் காணலாம்.

அதைப் பின்பற்றி நான் கைப்பேசியிலேயே தொடங்கினேன். முதலில் தாளத்தை வாயால் இரண்டு நிமிடங்கள் பதிவுசெய்வேன்; அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பேஸ் வரியைப் பாடுவேன்; பிறகு கார்டின் மேல் சுரம், நடுச் சுரம், கீழ்ச் சுரம் என்று மூன்று முறை தனித்தனியாகப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். முதல் சில வாரங்கள் சுருதி நிற்கவே இல்லை. பின்னர் ஒரு மாலையில், அந்த அடுக்கைக் கேட்ட எங்கள் கீபோர்டு நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் அதே கார்டை வாசித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை. கருவி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதிலேயே மிக மதிப்புள்ளது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்: மனத்தில் கேட்பதைச் சொற்களால் விளக்காதீர்கள், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் ஒவ்வொரு சுரத்தையும் பாடிவிடுங்கள். பெயர் தெரியாத கார்டைக்கூட மூன்று பதிவுகளில் மற்றொருவர் காதில் சேர்த்துவிட முடியும்.

குரல் பதிவில் ஸ்வீடியன் கையாண்ட முறையும் செலவில்லாதது. பின்னணிக் குரல்களை மைக்கேலே பாடுவார். முதலில் மைக்குக்கு அருகில் நின்று பாடி, அதையே மறுபடி பாடி இரட்டிப்பார். பிறகு ஓரிரு அடிகள் பின்னால் நகர்ந்து அதே வரியை மீண்டும் பாடுவார், மைக்கின் உணர்திறனை மட்டும் கூட்டிக்கொள்வார்கள். தூரத்தில் நின்று பாடும்போது அறையின் எதிரொலியும் சேர்ந்து பதிவாவதால், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒரு கூட்டமே நின்று பாடுவதுபோல் விரிகின்றன. நாங்கள் ஒரே இடத்தில் நின்று எட்டு முறை பாடியும் கிடைக்காத அகலம், இப்படி மூன்று தூரங்களில் நான்கு முறை பாடியபோது கிடைத்தது. ஓர் எச்சரிக்கை: சுவர்கள் வெறுமையாக, ஒலி தெறிக்கும் சிறிய அறையில் இது நன்றாக வராது. கனமான துணிகளைச் சுவர்களில் தொங்கவிட்ட பிறகுதான் எங்களுக்கு வந்தது.

பாடும்போது மைக்கேல் ஆடுவார், விரலைச் சொடுக்குவார், காலைத் தட்டுவார். ஸ்வீடியன் அவருக்கு ஒரு மர மேடையை அமைத்துக் கொடுத்து, அந்த ஒலிகளைத் துடைத்தெடுக்காமல் குரலின் பகுதியாகவே விட்டுவைத்தார். விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் பாடுவதையும் மைக்கேல் விரும்பினார். இந்த இரண்டையும் எங்கள் பாடகியிடம் சொன்னோம். மூச்சொலி, உடை உரசும் ஒலி என எதுவும் பதிவாகிவிடக்கூடாது என்ற கவலையில் அதுவரை மரம்போல் நின்று பாடிக்கொண்டிருந்தவர், இருளில் கையை வீசிப் பாடத் தொடங்கியதும் குரலில் வந்த மாற்றம் எங்கள் எல்லோருக்கும் உடனே கேட்டது. இப்போது உண்மையிலேயே காதை உறுத்தும் ஒலியை மட்டுமே நீக்குகிறோம்.

குரல் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேத் ரிக்ஸ் என்னும் பயிற்சியாளருடன் பதிவுக்கு முன் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் அவர் பயிற்சி செய்தார் என்பதே போதும். நாங்கள் இருபது நிமிடங்கள் செய்கிறோம். அதுவே முதல் மூன்று டேக்குகள் (பதிவு முயற்சிகள்) வீணாவதைத் தடுக்கிறது.

மற்றவர்களின் தியாகமும் உழைப்பும் நிறைந்த செய்தி 'பீட் இட்' பற்றியது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பணம் வாங்காமல் வந்து கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) வாசித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் தம் சோலோவுக்கு ஏற்பப் பாடலின் ஒரு பகுதியையே மாற்றியமைக்கச் சொன்னார் என்பதும், அதற்காக டேப் வெட்டப்பட்டதால் ஒன்றோடொன்று இணைந்து ஓட வேண்டிய இரண்டு டேப் இயந்திரங்களும் ஒத்திசைவை இழந்தன என்பதும் பலருக்குத் தெரியாது. 'டோட்டோ' இசைக்குழுவின் ஜெஃப் போர்காரோவும் ஸ்டீவ் லூகதரும், மைக்கேலின் குரலும் வான் ஹேலனின் சோலோவும் இருந்த டேப்பை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துமாறு டிரம்ஸையும் கிட்டார்களையும் புதிதாக வாசித்தார்கள். இன்று நாம் கேட்கும் அந்தப் பாடலின் உடல், உயிர் வந்த பிறகு கட்டப்பட்டது. நல்ல குரல் பதிவு கைவசம் இருந்தால் மற்ற அனைத்தையும் மறுபடி கட்டலாம் என்ற துணிவை எனக்குத் தந்தது இந்தச் செய்திதான். கணினிக் கோளாறில் ஒரு பாடலின் தாளப் பதிவுகளை நாங்கள் இழந்தபோது, பாடகியை மறுபடி பாடச் சொல்லாமல், இருந்த குரலுக்குத் தாளம் சேர்த்தோம். 'பீட் இட்' பாடலுக்கான ஆல்பக் குறிப்புகளில், டிரம்ஸ் பெட்டியைத் தட்டியவர் என்று மைக்கேலின் பெயர் தனியாக அச்சிடப்பட்டிருக்கிறது. வாசிப்புக்குப் பெயர் இருக்கும்போது தட்டலுக்கும் பெயர் வேண்டும் என்பதை நாங்களும் கடைப்பிடிக்கிறோம். எங்கள் பாடல்களில் கைதட்டியவரின் பெயரும் இருக்கும்.

இனி, தவறிய பக்கங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இசை ஆர்வலர்களின் ஒரு சிறிய கூட்டத்தில் மைக்கேலைப் பற்றிப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. முன்னோக்கி நடப்பதுபோல் தோன்றியபடி பின்னோக்கி வழுக்கும் 'மூன்வாக்' நடையை அவரே கண்டுபிடித்தார் என்று நான் உறுதியாகச் சொன்னேன். பேச்சு முடிந்ததும் ஒரு முதியவர் என்னை ஓரமாக அழைத்து, பில் பெய்லி என்ற நடனக் கலைஞர் 1955-இலேயே அந்த அசைவைச் செய்ததைப் படத்தில் காணலாம் என்று கனிவோடு சொன்னார். தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. 1982-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் 'ஷாலமார்' இசைக்குழுவின் ஜெஃப்ரி டேனியல் அதே நடையை ஆடியிருந்தார். அந்த நடையை மைக்கேலுக்குக் கற்றுக்கொடுத்த இளம் தெரு நடனக் கலைஞர்களும் இருந்தார்கள். குழந்தைகளிடமிருந்து கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். கண்டுபிடித்தவர் என்ற பொய்யான பெருமையைவிட, பிறரிடமிருந்து கற்றதை உலகம் மறக்க முடியாத ஒரு கணமாக்கினார் என்ற உண்மை பெரியது என்றே இப்போது கருதுகிறேன். 1983 மார்ச் 25 அன்று பசடேனாவில் படமாக்கப்பட்டு மே 16 அன்று ஒளிபரப்பான மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு விழாவில்தான் அந்தக் கணம் நிகழ்ந்தது. ஒலித்தது முன்பே பதிவுசெய்த பாடல். அதற்கான நடனத்தைப் பெரும்பாலும் முந்தைய இரவில் தம் வீட்டுச் சமையலறையில் நின்று அமைத்ததாகவும், கால்விரல் நுனியில் நினைத்த நேரம் நிற்க முடியாமல் போனதால் மேடையை விட்டு வந்தபோது தமக்கு ஏமாற்றமே மிஞ்சியதாகவும் மைக்கேல் எழுதியிருக்கிறார்.

அதன்பின் என் நோட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே இரண்டு கேள்விகள் எழுதத் தொடங்கினேன்: இதைச் சொன்னவர் அந்த அறையில் இருந்தாரா? சொன்னதற்கு வெளியே சான்று ஏதேனும் இருக்கிறதா? இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் செய்தி அரிது; கிடைத்தால் அது புதையல். 'ஸ்மூத் கிரிமினல்' பாடலில் 45 பாகை முன்னோக்கிச் சாயும் அசைவு அப்படிப்பட்டது. 1988-இல் வெளியான படத்தில் கம்பிகளின் துணையோடு செய்யப்பட்ட அதை மேடையில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அமெரிக்கக் காப்புரிமை ஆவணமே சான்று. 1993 அக்டோபர் 26 அன்று வழங்கப்பட்ட 5,255,452 என்ற எண்ணுள்ள அந்தக் காப்புரிமையில் மைக்கேலும், அவருடைய உடை வடிவமைப்பாளர்கள் மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் இருவரும் கண்டுபிடிப்பாளர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். காலணியின் குதிகாலில் ஒரு பிளவு. மேடையிலிருந்து சரியான நேரத்தில் எழும்பும் ஒரு முளை. பிளவை முளையில் மாட்டிக்கொண்டு உடலைச் சாய்க்க வேண்டும். சண்டிகர் மருத்துவ நிறுவனத்தின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 2018-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் இதைப் பற்றி எழுதியபோது, பயிற்சி பெற்ற நடனக் கலைஞர்களும் 25 முதல் 30 பாகை வரைதான் சாய முடியும் என்றும், காலணியின் துணை இருந்தாலும் முதுகெலும்புத் தசைகளும் கால் தசைகளும் மிக வலுவாக இருந்தால்தான் 45 பாகை இயலும் என்றும் விளக்கினார்கள். தந்திரம் தெரிந்த பிறகு என் வியப்புக் கூடியது.

மறுபக்கம், 1986-இல் பரவிய ஆக்ஸிஜன் கூண்டுக் கதை. அவர் அதில் உறங்குகிறார் என்று ஒரு படத்துடன் உலகமெங்கும் செய்தி வந்தது. 1993 பிப்ரவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயுடனான நேர்காணலில், அது தீக்காயப் பிரிவுக்கான மருத்துவக் கருவி என்றும், பார்க்கப் போனபோது உள்ளே படுத்துப் பார்த்த வேளையில் எடுக்கப்பட்ட படம் என்றும் அவர் விளக்கினார். 1984 ஜனவரியில் விளம்பரப் படப்பிடிப்பு ஒன்றில் அவருடைய தலைமுடியில் தீப்பற்றியதும், அதற்கு இழப்பீடாகக் கிடைத்த 15 லட்சம் டாலரை அவர் தீக்காய மருத்துவத்துக்கே வழங்கியதும் அந்தக் கதையின் பின்னால் இருக்கும் உண்மைகள். கூண்டுக் கதையை எழுதியிருந்த பக்கத்தில் இப்போது இந்த இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. விற்பனை எண்ணிக்கைகளிலும் அப்படியே: உலகம் முழுவதும் 'திரில்லர்' எவ்வளவு விற்றது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், நான் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 2021-இல் சான்றளித்த 3.4 கோடி அலகுகளை மட்டும் எழுதி, அதில் இணையவழிக் கேட்டல்களும் கணக்கிடப்பட்டவை என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் ஒரு புதிய பாடலின் பதினான்காவது கலவையில் இருக்கிறோம். நேற்றுக் காலை ஒலி அளவைச் சமப்படுத்தி முதல் மூன்றையும் கேட்டோம். மூன்றாவதில் பாடகியின் கால் தட்டும் ஒலி தெளிவாகக் கேட்கிறது. பின்னர் அதை யாரோ நீக்கியிருக்கிறோம். அதைத் திரும்பக் கொண்டுவர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் எழுதிய இரண்டாவது சரணத்தை நீக்கலாமா என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. அது இல்லாத வடிவத்தை, இந்தப் பாடலைக் கேட்டிராத ஒருவருக்கு நாளை போட்டுக் காட்டுகிறோம்.